தோடம்பழத்தோடு வந்த உறவு

மார்ச் 4, செவ்வாய்

காலையில் படிப்பிக்கப் பள்ளிக்கூடம் போகும் வழியில் எருமை ஒன்று குறுக்கே வந்தது. ஆட்டோ ஓட்டிய உசனார் அதைக் காப்பாற்றினார். ஆட்டோ வயலுக்குள் சரிந்தது. என் வலது கால் முறிந்தது. எருமைக்கு ஒரு கீறலும் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து எழுதுகிறேன்.

மார்ச் 5

பின்னேரம் உசனார் நோன்புக் கஞ்சியோடு வந்தார். மனைவி சபீனா காய்ச்சியது. எத்தனையோ வருடமாக என்னைப் பள்ளிக்கூடம் ஏற்றிப்போகும் மனிதர், இன்று என் முகத்தைப் பார்க்காமல் கட்டில் காலோடு பேசிவிட்டுப் போனார். கஞ்சியில் உப்புக் கூடிவிட்டது. சொல்லவில்லை.

மார்ச் 7

வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர், பை நிறையத் தோடம்பழம். "தங்கச்சி, கேள்விப்பட்ட உடனே ஓடி வந்தன்." என் கணவரின் பக்கத்துச் சொந்தக்காரர் என்று நினைத்து நான் எழும்பி இருக்கப் பார்த்தேன். கணவர் உதயரூபனோ என் பக்கத்து ஆள் என்று நினைத்துத் தேத்தண்ணி வாங்க ஓடினார். வருத்தம் பார்க்க வந்தவரிடம் "நீங்கள் ஆர்" என்று கேட்பதா? ஊர் காறித் துப்பும்.

மார்ச் 8

மறுபடி தோடம்பழம். அவருக்குத் தெரிந்த லோயர் ஒருவர் இருக்கிறாராம். வழக்குப் போட்டால் பெரிய நஷ்டஈடாம்.

"உசனார் வேகமா வந்தவர் எண்டு மட்டும் சொல்லுங்க. மிச்சத்த லோயர் ஐயா பாப்பார். வழக்கு முடியுமட்டும் நொண்டி நொண்டியே நடக்கணும், என்ன?"

கால் சுகமாகிவிடுமோ என்று எனக்கே பயம் வந்துவிட்டது.

உசனாரின் லைசென்ஸ் போனால்? அந்த வீட்டு அடுப்பு ஆட்டோவை நம்பித்தான் எரிகிறது. ஆனால் சொந்தக்காரர் சொல்கிறாரே, தட்டுவதா? ஒருவேளை வேகமாய்த்தான் வந்தாரோ — சீ, என்ன யோசனை இது? நாளைக்குக் கையெழுத்து வைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 9

பத்திரத்தையும் பேனையையும் நீட்டினார். பேனையை வாங்கிக்கொண்டு, பேச்சை வளர்க்கத்தான் வம்சம் விசாரித்தேன்.

"அண்ணன், நீங்க என்ன குடி?"

"உங்கட குடிதான் தங்கச்சி. உங்கட அப்பாட குடி."

வார்டே திரும்பிப் பார்த்தது. எங்கள் பக்கம் குடி தாய்வழியாகத்தான் வரும். அப்பாவின் குடி எனக்கு எங்கிருந்து வரும்? பக்கத்துக் கட்டில் முப்லிஹா, தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்ப இவர் உங்கட ஆள் இல்லையா?" என்றார் உதயரூபன்.

"நான் இவர உங்கட ஆள் எண்டெல்லோ நினைச்சன்" என்றேன்.

நாங்கள் திரும்பிப் பார்த்தபோது உறவைக் காணவில்லை. பத்திரத்தை எடுத்துக்கொண்டு போனவர் பேனையை மறந்துவிட்டார். அந்தப் பேனையால்தான் எழுதுகிறேன்.

மார்ச் 10

தோடம்பழம் நல்ல இனிப்பு.

மே 19, திங்கள்

மறுபடி பள்ளிக்கூடம். உசனாரின் ஆட்டோ ஊர்ந்தது. சைக்கிள்காரரெல்லாம் முந்திப் போனார்கள். இத்தனை நாளும் சொல்ல வெட்கப்பட்ட தோடம்பழக் கதையை இன்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"தெரியும் டீச்சர். உங்களப் பாத்த கையோட எங்கட ஊட்டயும் வந்தவன். டீச்சர் வழக்குப் போடப் போறா, லோயர் புடிச்சுத் தாறன் எண்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கால் முறிஞ்சது அவக்கு. போட்டாப் போடட்டும் எண்டன்."

அதற்குப் பிறகும் ஒவ்வொரு பின்னேரமும் கஞ்சி வந்ததே. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அதே இடத்தில் அதே எருமை. உசனார் எஞ்சினையே நிறுத்திவிட்டார். அது ஆறுதலாக அசைபோட்டுக்கொண்டு றோட்டைக் கடந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பிந்திவிட்டேன்.