தொண்ணூற்றுநாலு கிலோ

டிச. 6, சனி

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. நாளைக்குப் போட வேண்டிய டீ-ஷர்ட் ஃபேனுக்குக் கீழே நாற்காலியில்.

பெயர் கொடுத்தாயிற்று. மரக்காணம் உப்பங்கழியில் நம் படகு கிளப்பின் குளிர்கால சீரிஸ். ஐந்து ரேஸ், ஐந்து ஞாயிறு. கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிறு மட்டும் லீவு. எல்லாம் பாய்மரப் படகு. சின்னது, நீளம், ஒற்றை ஆள், இரட்டை ஆள் என்று எது இருந்தாலும் ஒரே ரேஸில் இறங்கலாம். எனக்கு எண்டர்பிரைஸ், இரட்டை ஆள் படகு. காலேஜில் என்.சி.சி. நேவல் விங் கேடட்டாக இருந்தபோது ஓட்டிய அதே ரகம், அதே நீலப் பாய். அப்போது பெண்களை அணிவகுப்புக்கு ஓட்ட விட்டார்கள், போட்டிக்கு விடவில்லை. இப்போது என்னை யார் தடுப்பது?

கூட உட்கார ஆள்: இவர். எடை தொண்ணூற்றுநாலு.

இவருக்கு ஹேண்டிகேப் புரிய வைக்க ஒரு டீ முழுதும் ஆறிப்போனது.

"மொதல்ல வர்றவன்தானம்மா ஃபர்ஸ்ட்டு?"

"இல்லைங்க. ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு நம்பர் இருக்கு. வேகமான படகுக்கு நேரத்தைக் கூட்டுவாங்க, மெதுவான படகுக்குக் குறைப்பாங்க. கணக்குப் போட்ட பிறகுதான் யாரு ஃபர்ஸ்ட்டுன்னு தெரியும்."

"அப்ப நம்மள முந்திக்கினு போனவனும் நமக்குப் பின்னாடி வரலாம்ன்ற."

"அதேதான்."

"நல்லா கீது உங்க ஆட்டம்."

சீரிஸ் ஜெயிக்கப் போகிறேன். எழுதி வைக்கிறேன், பிறகு நான் சொல்லவில்லை என்று யாரும் சொல்லக்கூடாது.

டிச. 7, ஞாயிறு

முதல் பூசை முடித்து நேராக மரக்காணம். வானம் வெளுப்பு. வாடைக்காற்று நன்றாக இழுத்து அடித்தது.

மொத்தம் பதினோரு படகு. சத்தம், கொடி, விசில். இவர் படகு விளிம்பில் உட்கார்ந்து, கால் பட்டையில் பாதத்தை மாட்டி, உடம்பு முழுவதையும் வெளியே சாய்த்தார். காற்று ஒரு பக்கம் தள்ள, இவர் மறுபக்கம் இழுக்க, படகு பலகை போட்டதுபோல் நேராக ஓடியது. நான் சொன்னபோது சாய்ந்தார், சொன்னபோது நிமிர்ந்தார். வாய் மட்டும் ஜெபம்.

இரண்டாமிடம்! முதலிடம் விழுப்புரம் பல் டாக்டர் குமரன். என் படகைவிட அவருடையது நீளம், வேகம். நேரம் கூட்டிய பிறகும் முதலிடம் என்றால் ஆள் கெட்டிக்காரர்தான், ஒப்புக்கொள்கிறேன். கூட வருவது அவர் மச்சான்.

பத்து மாதத்துக்கு முன் இந்த மனுஷனுக்குத் தொட்டித் தண்ணீரே பயம். கெடாரில் நாத்தனார் வீட்டு பம்புசெட் கிணற்றில், முதுகில் காலி எண்ணெய் கேன் கட்டி, நாற்பத்தேழு வயதில் நீச்சல் கற்றார். கிணற்று மேட்டில் நின்று ஊரே சிரித்தது. எனக்காக.

டிச. 10, புதன்

அரையாண்டுப் பரீட்சை. என் பி.டி. பீரியட் முழுவதையும் கணக்கு டீச்சர் பிடுங்கிக்கொண்டார். மைதானத்தில் நானும் இரண்டு நாய்களும்.

சிலிண்டர் புக் பண்ண வேண்டும். முழங்கால் தைலம். மல்லாட்டை ஒரு படி, வேர்க்கடலைச் சட்னிக்கு.

இவர் ஆபீஸில் ஃபைல் கட்டும் நாடாவில் முடிச்சுப் பழகுகிறாராம். பக்கத்து சீட்டுக்காரர் போனில் சொல்லிச் சிரித்தார்: "மேடம், சேவியர் சார் கட்டுன ஃபைல எவனாலயும் அவுக்க முடியலிங்க. சூப்பரிண்டெண்டு கத்திரிக்கோலு வாங்கினு வரச் சொல்லிட்டாரு."

டிச. 14, ஞாயிறு

வெயில். காற்று செத்துப்போய்விட்டது.

ஏழாமிடம். எரிச்சல்.

காற்று இல்லாத நாளில் எடைதான் சத்ரு. தண்ணீரில் இறங்கிய எருமை மாதிரி படகு நகரவே மாட்டேன் என்றது. ஒற்றை ஆள் படகில் ஷபானா எங்களைச் சுற்றிக்கொண்டு போனாள். நாற்பத்தாறு கிலோ! கோட்டக்குப்பத்துப் பெண், வீட்டுக்காரர் கத்தாரில், போன வருஷம்தான் கிளப்பில் கற்றாள். போகிறபோக்கில் கையாட்டல் வேறு.

கரையில் பல் டாக்டர்: "மேடம், கார்கோ ஜாஸ்தி ஏத்திட்டீங்க போல."

எல்லோரும் சிரித்தார்கள். இவரும். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது?

டிச. 20, சனி

நாளைக்கும் காற்று இருக்காது என்கிறது போன். என்கூட வருகிறாயா என்று ஷபானாவிடம் கேட்டேன். அவளுடைய படகில் சுக்கான் கழன்றுவிட்டதாம், சாமான் சென்னையிலிருந்து வர ஒரு மாதம் ஆகுமாம், சும்மாதான் இருக்கிறாள். துள்ளிவிட்டாள்.

இவரிடம் சொல்ல வேண்டியது. ரயில்வே ஸ்டேஷனில் இவரை ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் வரும்போது சொன்னேன், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா.

"நாளைக்கு ஷபானாவைக் கூட்டிக்கிறேங்க. காத்து கம்மி."

பின்னாலிருந்து: "சரிம்மா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

ரேஸ் என்றால் அப்படித்தான். இதில் மனசு கினசு பார்த்தால் ஆகாது.

டிச. 21, ஞாயிறு

முதலிடம்! முதலிடம்! முதலிடம்!

தண்ணீர் கண்ணாடி. ஷபானா பூனை மாதிரி நகர்கிறாள், வாய் மட்டும் ஓயாது. "ஜல்தி போக்கா, அந்தாண்ட காத்து வருது பாரு. டாக்டரு பேஜாரா நின்னுக்கினு கீறாரு." டாக்டருக்கு இன்று நாலாமிடம்.

கரையில் இவர் படகைக் கரையேற்றும் வண்டியைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றார். கை தட்டினார். எல்லோருக்கும் பிளாஸ்க்கில் டீ ஊற்றிக் கொடுத்தார். கல்யாண வீட்டில் பெண் வீட்டுக்காரர் மாதிரி ஓடி ஓடி.

திரும்பும்போது திண்டிவனம் வந்ததும் எனக்குப் பிடித்த முட்டை பரோட்டா வாங்கிக்கொடுத்தார். தனக்கு வேண்டாமாம். டயட்டாம்.

டிச. 25, வியாழன்

பூசை, கேக், பிரியாணி. மதியம் பெருமுக்கல், மாமியார் வீடு. குழந்தைகள் பட்டாசு.

கொழுந்தனார் கேட்டார்: "இன்னாண்ணா, படகெல்லாம் எப்டி போய்க்கினு கீது?"

இவர் கறித்துண்டைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினார். "நான் இப்ப போறதில்லடா. நம்ம வெயிட்டுக்கு அதெல்லாம் ஒத்து வராது."

நான் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றிக்கொண்டே இருந்தேன், கொழுந்தனார் தட்டு நிரம்பி வழிந்தது.

கஷ்டமாக இருந்தது. இவர் கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். தனக்கே அப்படிச் சொல்லிக்கொள்கிறாரே.

ஜன. 4, ஞாயிறு

பனி. பத்து மணி வரை எதிர்க்கரை தெரியவில்லை. காற்று சுமார். ஷபானாவோடு மூன்றாமிடம், டாக்டர் இரண்டு. மோசமான ஒரு ரேஸைக் கழித்துவிடலாம் என்பது விதி. என் ஏழாமிடத்தையும் அவர் நாலாமிடத்தையும் கழித்தால் நானும் டாக்டரும் சமம். அடுத்த ஞாயிறு எங்கள் இருவரில் யார் முன்னால் வருகிறோமோ அவருக்கே சீரிஸ். கிளப் சுவரில் தேக்குப் பலகை, அதில் பெயர் எழுதுவார்கள். இதுவரை ஒரு பெண் பெயர்கூட இல்லை.

கொட்டகையில் ஒரு கரும்பலகை உண்டு. படகு இல்லாமல் சும்மா இருப்பவர்கள் பெயர் எழுதிவைப்பார்கள், ஆள் தேவைப்படுகிறவர்கள் கூப்பிட்டுக்கொள்வார்கள். இன்று அதில் இவர் கையெழுத்து. ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி கோணாமல்: சேவியர், 94 கிலோ, ரெடி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்கள யாருங்க கூப்பிடப் போறாங்க?" என்றேன்.

கையிலிருந்த சாக்பீஸை டப்பாவில் போட்டுவிட்டு, விரலைத் துடைத்துக்கொண்டார்.

ஜன. 9, வெள்ளி

வாடை! மூன்று நாளாகத் தென்னை மட்டை விழுந்துகொண்டே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இன்னும் பலமாக இருக்குமாம். அன்றைக்கு ஷபானாவோடு இறங்கினால் படகு காகிதம் மாதிரிப் பறக்கும். இவர் வேண்டும். இவர் இருந்தால் டாக்டர் எனக்குப் பக்கத்தில்கூட வர முடியாது.

ஸ்கூல் விட்டு வந்து கேப்பைக் களி, கருவாட்டுக் குழம்பு. இவருக்கு உயிர். நல்ல புடவை மட்டும்தான் கட்டவில்லை.

இரண்டாவது உருண்டையில் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை நீங்கதாங்க என்கூட."

களியை உருட்டிக்கொண்டே இருந்தார். முழுங்கவில்லை.

"டாக்டர் கேட்டாரும்மா. அவரு மச்சான் மாலை போட்டுக்கினு மலைக்குப் போயிட்டாராம். பலகையப் பாத்துட்டு புதன்கெழமையே போன் பண்ணாரு. சரின்னுட்டேன்."

"அதனால என்ன, முடியலைன்னு சொல்லிடுங்க."

"வரேன்னு சொல்லிட்டேனே."

"நான் உங்க பொண்டாட்டிங்க!"

"ஆமாம்மா. அதான் உங்கிட்ட ஒடனே சொல்ல பயமா இருந்துச்சி. அதுக்காக ஒத்துக்கினத இல்லன்னா எப்டி? பாவம், அந்த மனுசன் வேற ஆளே தேடல."

தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார். குழம்பு மட்டும் மூன்று தரம் ஊற்றிக்கொண்டார், அதைச் சொல்லியாக வேண்டும்.

துரோகி. கார்கோ என்று சொன்ன ஆளோடேயே!

ஜன. 10, சனி

பேச்சு இல்லை. தோசை மட்டும்.

ஷபானாவிடம் சொன்னேன், உன்னையும் என்னையும் சேர்த்தாலே நூற்றைந்து கிலோதான், பயமாக இருந்தால் வேண்டாம் என்று. "இன்னாக்கா நீ, கடல்கரைக்காரிகிட்ட வந்து பயமான்னு கேட்டுக்கினு" என்றாள். என் ஆள்.

பயம் எனக்கும் இல்லை. கோபம் இருந்தால் பயம் வராது போலிருக்கிறது.

ஜன. 11, ஞாயிறு

வரிசையாகவே எழுதுகிறேன்.

வானம் மூட்டம். தண்ணீர் முழுக்க வெள்ளை நுரை. பதினோரு படகில் நாலு இறங்கவே இல்லை. ஒரே காரில் வந்தோம். இறங்கி இவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். டாக்டரின் லைஃப் ஜாக்கெட் இவருக்குப் பத்தவில்லை. இரண்டு நாடா சேர்த்துக் கட்டியிருந்தார். அந்த முடிச்சை யாரும் அவிழ்க்க முடியாது.

நான் ஓட்டினேன். எப்படி ஓட்டினேன் என்றால், இருபது வருஷம் விட்டதை எல்லாம் சேர்த்து ஓட்டினேன். கரையோரம் அலை கம்மி என்று தெரிந்து அங்கேயே ஒண்டிப் போனேன். ஷபானா பாதி உடம்பு தண்ணீருக்குள். டாக்டர் முன்னால்தான், ஆனால் கொஞ்சம்தான். அவர் படகுக்கு நேரம் கூட்டுவார்கள், அந்த இடைவெளி அவருக்குப் பத்தாது. கடைசிச் சுற்று. எதிர்காற்றில் வளைந்து வளைந்து ஏறுவது மட்டும் பாக்கி. சீரிஸ் என் கையில்.

அப்போது டாக்டர் திரும்பி எனக்குக் குறுக்கே வந்தார். அவருக்கு வலப்பக்கக் காற்று, எனக்கு இடப்பக்கக் காற்று. வலப்பக்கக் காற்றுக்காரருக்குத்தான் வழி, அதற்குத்தான் ஸ்டார்போர்டு என்று கத்துவார்கள். நான் விட வேண்டும். தெரியும். ஆனாலும் ஒரு நப்பாசை, முன்னாலேயே தாண்டிவிடலாம், தாண்டிவிடலாம் என்று.

"ஸ்டார்போர்டு!"

டாக்டர் குரல் இல்லை.

"ரெஜினா! ஸ்டார்போர்டு!"

இவர். படகுக்கு வெளியே முழு உடம்பையும் தொங்கப்போட்டுக்கொண்டு, முகமெல்லாம் உப்புத் தண்ணீர், தொண்டை கிழிய. இருபத்திரண்டு வருஷத்தில் இந்த மனுஷன் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. அம்மா போடாமல் என் பெயரைச் சொன்னதும் இல்லை.

ஒரு நொடி அப்படியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். ஒரே நொடிதான். பிறகு சுக்கானைத் தள்ளினேன், லேட். பாய் அந்தப் பக்கம் அறைந்தது, படகு கவிழ்ந்தது, நானும் ஷபானாவும் தண்ணீருக்குள்.

அடிப்பலகையில் ஏறி மிதித்து நிமிர்த்தினோம். ஏறினோம். ஓட்டினோம். நாலாமிடம். முதலிடம் டாக்டர். சீரிஸ் டாக்டருக்கு, இரண்டாவது நான்.

கரையில் டாக்டர் தலை துவட்டிக்கொண்டே வந்து சொன்னார்: "மேடம், நீங்க கவுந்ததும் திரும்பிடலாமான்னு சார்கிட்ட கேட்டேங்க. அவ எழுந்துக்குவா, நீங்க ஓட்டுங்கன்னுட்டாரு."

அதற்குமேல் எனக்குக் கோபம் வரவில்லை. முயற்சி செய்து பார்த்தேன், வரவில்லை.

மெடல் டாக்டருக்கும் இவருக்கும். பலகையிலும் கடைசி ரேஸ் ஓட்டிய இரண்டு பேர் பெயரும் எழுதுவார்களாம், குமரன், சேவியர். இவர் மேடையில் நிற்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. போட்டோ எடுத்தது நான். நன்றாக வந்திருக்கிறது.

டாக்டர் கிளம்பும்போது: "சம்மர் சீரிஸுக்கும் சாரைக் குடுத்துடுங்க மேடம்."

"அவரையே கேளுங்க" என்றேன்.

"யோசிச்சி சொல்றேங்க" என்றார் இவர். என்னையும் பார்த்துக்கொண்டே.

ஜன. 12, திங்கள்

வெயில். முழங்கால் வீக்கம். ஸ்கூலில் பொங்கல் விழா, கயிறு இழுக்கும் போட்டிக்குக் கயிறு எடுத்துப் போக வேண்டும்.

காலையில் இவர் சட்டை மாட்டும்போது போய் நின்றேன். சுற்றி வளைக்கவில்லை. "சம்மர் சீரிஸுக்கு என்கூட வாங்க. காத்து இருந்தாலும் இல்லாட்டியும். ஏழாவது வந்தாலும் பரவாயில்லை."

கடைசிப் பட்டனைப் போட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, செருப்பு மாட்டினார். வாசலில் நின்று திரும்பினார்.

"வரேன். ஆனா சுக்கான் யாரு புடிக்கிறதுன்னு சாயங்காலம் வந்து பேசுவோம்."

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று போயே போய்விட்டார்.