சிலுவையில் செத்தது யார்?

1797 ஆகஸ்ட் 27, ஞாயிறு

இன்றைக்கும் ஆலயத்தில் வரிசையின் கடைசி ஆள் நான்தான். நன்றாகப் பதில் சொல்கிறவர்கள் பீடத்துக்குப் பக்கத்தில், மக்குகள் கதவோரம். எனக்கு இருபத்து நாலு வயசு. மற்றதெல்லாம் பதினைந்து வயசுப் பிஞ்சுகள். வேதபாடக் கேள்வி-பதில் புத்தகத்தை ஒப்பிப்பதில் மூன்று தடவை தோற்றாயிற்று. அதில் தேறி, சபையில் முழு அங்கமாகிற திடப்படுத்தல் ஆகாதவளுக்கு நம் நார்வேயில் கல்யாணம் கிடையாது. ராஜா போட்ட சட்டம்.

செப்டம்பர் 3

பண்ணைக்காரர், நான் கட்டிக்கொள்ளப் போகிற அஸ்லாக்கைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "அக்டோபர் பதினாலுக்குள்ள ஒங்க கல்யாண அறிவிப்பை ஆலயத்துல வாசிக்கணும். இல்லேன்னா ஒங்களுக்குன்னு சொன்ன மலையடிக் குடிசை வேற ஜோடிக்கு."

அஸ்லாக் மாட்டுக் கொட்டகைக்கு வந்து தலையைச் சொறிந்தான். "இந்தத் தடவையாவது சொல்லிடுவியா, கூரோ?" எனக்கு வந்ததே கோபம்! "நீ படிச்சு ஒப்பி, நான் நின்னு வேடிக்கை பாக்குறேன்" என்றேன். அப்புறம் அழுதேன். அவனும்தான்.

செப்டம்பர் 12

எல்லாம் தெரியும், அதுதான் வயிற்றெரிச்சல். முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தால் கடகடவென்று ஒப்பிப்பேன். போதகர் விந்தர் நடுவிலிருந்து கேட்பார். போச்சு! மறுபடி முதலிலிருந்து ஓடி வரவேண்டும். அதற்குள் அவர் அடுத்த ஆளிடம் போய்விடுவார்.

கிறிஸ்துவுக்கு எத்தனை சுபாவம்? இரண்டு — தேவ சுபாவம், மனுஷ சுபாவம். ஆள் எத்தனை? ஒருவர். பால் கறக்கும்போது எவ்வளவு அழகாக வருகிறது!

செப்டம்பர் 24

ஐயோ. அடுத்த ஞாயிறு பேராயரே வந்து கேள்வி கேட்பாராம்.

அக்டோபர் 1

உட்காரவே முடியவில்லை. சந்தோஷத்தில்!

பேராயர் புத்தகத்தைத் திறக்கவேயில்லை. முதல் இடத்தில் நின்ற அதிகாரி மகள் மார்கித்தைக் கேட்டார்: "சிலுவைல செத்தது யாரும்மா? கடவுளா, மனுஷனா?"

"மனுஷ சுபாவம் மட்டும்தான் ஐயா. கடவுள் சாகமாட்டார்."

"அப்போ வெறும் மனுஷன் சாவா நம்மள ரட்சிச்சுது?"

அவள் போதகரைத் திரும்பிப் பார்த்தாள். "அடுத்தது" என்றார். அடுத்தது, அடுத்தது என்று கேள்வி வரிசையில் இறங்கி என் தலையில் வந்து விழுந்தது. புத்தகத்திலேயே இல்லாத கேள்வி. எங்கிருந்து ஓடி வருவது? எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வரும்.

"போன வருஷம் குதிரை எங்க அஸ்லாக்கை உதைச்சுது ஐயா. அடி கால்ல. அவன் ஆத்துமாவை எந்தக் குதிரையும் உதைக்க முடியாது. அதுக்காக 'அடி காலுக்குத்தான், அஸ்லாக்குக்கு ஒண்ணுமில்ல'ன்னு யாராவது சொன்னா சும்மா விடுவேனா? ஆள் ஒருத்தன்! ஆண்டவரும் அப்படித்தான். மனுஷ உடம்புலதான் செத்தார். ஆனா செத்த ஆள் கடவுள். அவரைக் கூறு போட எனக்குத் தெரியாது. கூறு போட்டா நமக்கு ரட்சிப்பு ஏது?"

பேராயர் போதகர் பக்கம் திரும்பினார். "இவளை ஏன் கதவுகிட்ட நிறுத்தி வெச்சிருக்கீங்க?"

"புத்தகம் வரலைங்க ஐயா..."

"பொருள் வந்திருக்கே!"

என் கையைப் பிடித்து, அத்தனை பேரையும் தாண்டி நடத்திப் போய், மார்கித்துக்கும் முன்னால் நிறுத்தினார். முதல் இடம்! நான்! ஆண்கள் பக்கத்தில் அஸ்லாக் எழுந்தே நின்றுவிட்டான், வெட்கங்கெட்டவன். பிறகு பேராயர் என் தலையில் கை வைத்து ஜெபித்தார். திடப்படுத்தல் ஆகிவிட்டது!

அக்டோபர் 8

பிரசங்கம் முடிந்ததும் போதகர் எங்கள் இரண்டு பெயரையும் வாசித்தார். ஆட்சேபணை உண்டா என்றார். ஒரு இருமல்கூட இல்லை. குடிசை எங்களுக்குத்தான்.

பிறகு நற்கருணை. இத்தனை வருஷம் எல்லோரும் பந்திக்குப் போக, திடப்படுத்தல் ஆகாத நான் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பேன். இன்று நானும் போய் முழங்காலிட்டேன். "இது இயேசுவின் மெய்யான சரீரம்" என்று போதகர் என் நாவில் அப்பத்தை வைத்தார். இவ்வளவு துளி. அதில் வானத்தையும் பூமியையும் படைத்தவர், முழுசாக, எனக்கென்று. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எழுந்திருக்க மனசில்லை. போதகர்தான் மெல்லத் தோளைத் தொட்டார்.