மலையைத் துண்டு துண்டாகச் சுற்றியவளுக்கு

இன்று காலை ரசத்துக்குக் கொத்தமல்லி கிள்ளும்போது வாசனை வந்தது. பழைய வாசனை. கொரோனா வந்து போனதிலிருந்து கொத்தமல்லி எனக்குக் கருகிய ரப்பர் மாதிரிதான் நாறிக்கொண்டிருந்தது; வீட்டுக்காரருக்காக மூக்கைப் பிடித்துக்கொண்டு போடுவேன். கொத்தமல்லிக் கட்டை அப்படியே முகத்தில் அழுத்திக்கொண்டு நின்றேன். பிறகு ஈரக் கையோடு போனை எடுத்து உன் பெயரைத் தேடினேன். எண் இன்னும் இருக்கிறது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது.

உன்னைத் தவிர வேறு யாரிடம் இதைச் சொல்வது? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே என் நோய் முடிந்துவிட்டதாக எல்லோரும் நினைத்தார்கள். குளித்துவிட்டுத் தலை துவட்டக் கை தூக்க முடியவில்லை என்று சொன்னால், "நல்லா சாப்புடு, சரியா பூடும்" என்பார் வீட்டுக்காரர். அவர் மேல் தப்பில்லை. பார்ப்பதற்கு நான் நன்றாகத்தான் இருந்தேன்.

நீ ஒருத்திதான் நம்பினாய். பள்ளி திறந்த பிறகு ஒருநாள், பதினெட்டு வருடமாகச் சொல்லிக்கொடுத்த ஏழாம் வாய்ப்பாட்டில் ஏழெட்டு எத்தனை என்று தெரியாமல் கரும்பலகை முன்னால் நின்றேன். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பக்கத்து வகுப்பிலிருந்து நீ வந்து, "டீச்சருக்குத் தொண்டை கட்டிகிச்சு, நான் சொல்றேன்" என்று மிச்சத்தை முடித்துவைத்தாய். அன்று கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது கேட்டேன்.

"பைத்தியம் ஆவறேனாடி?"

"அது நீ எப்பவோ ஆயிட்ட. இது வேற. நாளைக்கு டாக்டர்கிட்ட போவலாம்."

டாக்டர் பொறுமையாகக் கேட்டார். கொரோனாவுக்குப் பிறகு சிலருக்கு இப்படி மாதக்கணக்கில் நீடிக்கிறது என்றார். "தெம்பு இருக்குன்னு எல்லாத்தையும் ஒரே நாள்ல செலவு பண்ணிடாதீங்க. களைப்பு வர்றதுக்கு முன்னாடியே உக்காந்துடுங்க" என்றார். நான் தலையாட்டினேன். ஆனால் ஆக்சிஜன் வைத்திருந்த படுக்கையில் கிடந்தபோது, பிழைத்து எழுந்தால் எங்கும் உட்காராமல் மலையைச் சுற்றி வருகிறேன் என்று நேர்ந்துகொண்டிருந்தேன். சாமிக்கு ஒரு வார்த்தை கொடுத்துவிட்டு டாக்டர் பேச்சைக் கேட்பது எப்படி?

"ஆறு மாசம் கழிச்சிப் போனா சாமி கோச்சிக்குமா?" என்று நீ கேட்டாய். எனக்கு ரோஷம். அடுத்த பௌர்ணமி அன்று உன்னிடம் சொல்லாமல் மத்தியானமே கிளம்பினேன். கிரிவலப் பாதையில் நிருதி லிங்கம் வரை கால் சொன்னபடி கேட்டது. வருண லிங்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். யாரோ சோடா வாங்கிக் கொடுத்தார்கள், யாரோ ஆட்டோவில் ஏற்றினார்கள். அதன்பிறகு ஏழு வாரம் படுக்கை. பிழைத்தது போதும் என்று நினைத்த நாள்களும் அதில் உண்டு. உன்னிடம்கூட அதைச் சொன்னதில்லை.

நீ திட்டுவாய் என்று காத்திருந்தேன். எழுந்து நடமாடத் தொடங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, "எந்த எடத்துல உக்காந்த?" என்று மட்டும் கேட்டாய். ஆட்டோ பிடித்து என்னை அந்த இடத்திலேயே கொண்டுபோய் இறக்கினாய். அங்கிருந்து ஒரு டீக்கடை வரை நடந்தோம். நூறு அடிகூட இருக்காது. திரும்ப ஆட்டோ. அடுத்த ஞாயிறு அதே டீக்கடையிலிருந்து. வாரம் போகப்போகத் தூரம் கூடியது.

"இப்படிச் சுத்துனா கணக்குல சேருமாடி?"

"விட்ட எடத்துலதான தொடங்குறோம்? மலை நகர்ந்தா பூடுது!"

ஒரு விதியும் வைத்தாய். நடக்கும்போது நான் பேசிக்கொண்டே வர வேண்டும். பேச்சு அறுந்தால் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். பேசினேன். வீட்டுக்காரர், மாமியார், தலைமையாசிரியர், பஸ் கண்டக்டர் என்று ஒருத்தரையும் விடவில்லை. பள்ளியில் யாரையும் பேசவிடாத நீ, 'ம்' கொட்டிக்கொண்டு வந்தாய். நடுநடுவே செருப்பு கடிக்கிறது என்று நின்றாய். எனக்காகத்தான் நிற்கிறாய் என்று நினைத்து உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன். ஒன்பது மாதம் கழித்து மறுபடி வருண லிங்கத்தை வந்து தொட்டபோது உன் தோளில் சாய்ந்து அழுதேன். ஒரே ஒரு சுற்று! அன்றும் நீ ஒன்றும் பேசவில்லை. சிரித்துக்கொண்டே திட்டில் உட்கார்ந்துவிட்டாய்.

போன வருடம் ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீ எழவேயில்லை. உன் காரியம் முடிந்த அன்று உன் வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அவளுக்கும் கொரோனா வந்து போனதுலயிருந்து மூச்சு முட்டிகினுதான் இருந்தது டீச்சர். ரெண்டு படி ஏறுனா உக்காந்துடுவா. டாக்டர்கிட்ட வாடின்னா வர மாட்டா. 'அவ இப்பதான் தேறிகினு வரா, எனக்கும் இருக்குதுன்னு தெரிஞ்சா பயந்துடுவா, சொல்லாதே'ன்னுட்டா."

அதனால்தான் உன் உயிர் போயிற்றா என்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது வேறு. டாக்டர் அறையில் எனக்குப் பக்கத்து நாற்காலியில்தான் நீ உட்கார்ந்திருந்தாய். என் பேச்சு அறுகிறதா என்று காது கொடுத்துக்கொண்டு வந்தவளுக்குப் பேச்சே இல்லை என்பது எனக்குக் கேட்கவில்லை. பாவி, நான் பாட்டுக்கு மாமியார் கதை சொல்லிக்கொண்டு வந்தேன்.

இப்போது முக்கால்வாசி தேறிவிட்டேன். ஏழெட்டு தடுமாறுவதில்லை. பள்ளியில் யாராவது மாடிப்படி ஏறி வந்து சும்மா நின்றால், "உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிடுகிறேன். சிலர் எரிச்சல்படுகிறார்கள். போகட்டும், பதில் வரும்வரை நகர்வதில்லை. உன் பக்கத்தில் ஒன்பது மாதம் நடந்தேனடி. ஒருநாள்கூட உன்னிடம் அதைக் கேட்கவில்லை.