நான் உரக்கச் சொன்ன மன்றாட்டு

என் செல்ல ஜெஸிக்கு,

உன் மகள் ரீட்டா ஒன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. நான் தமிழில் திட்டினால் தெலுங்கில் எதிர்த்துப் பேசுகிறாள். உன் வீட்டுக்காரர் அமெரிக்காவிலேயே மறுமணம் செய்துகொண்டு தங்கிவிட்டதால், அவள் என்னைத்தான் அம்மா என்கிறாள். போன வாரம் உன் படத்தைக் காட்டி, "ஆ அம்மாகி ஏமைந்தி?" என்றாள். அந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறாள். காய்ச்சல் என்றேன். ஆறு வருடமாக இங்கே லோத்குண்டாவில் எல்லோரிடமும் அதையேதான் சொல்லி வருகிறேன்.

அப்போது ரீட்டாவுக்கு எட்டு மாதம். அவளை மடியில் போட்டுக்கொண்டே லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருப்பாய். உன் வீட்டுக்காரர் ஆன்சைட் வேலைக்கு அமெரிக்கா போன கையோடு உனக்கு மறுபடியும் நாள் தள்ளிப்போயிற்று.

"இன்னொண்ணு என்னால முடியாதுக்கா. அவர்கிட்ட பேசிட்டேன். திங்கக்கிழமை டாக்டர் வரச் சொல்லிருக்காங்க. நீ சும்மா பக்கத்துல உக்காந்தா போதும்."

நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை, நீ கொண்டாப்பூரில் உன் ஃபிளாட்டில் இருந்தபோது, இங்கே நம் வீட்டில் அன்பியக் கூட்டம். பத்துக் குடும்பத்தார் கூடி, ஒவ்வொருவரும் தம் மன்றாட்டை வாய்விட்டுச் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து ஜெபிப்பார்கள். என் முறை வந்தது. "என் தங்கச்சி வயித்துல இருக்கிற பிள்ளை நல்லபடியா பிறக்கணும்னு ஆண்டவரை மன்றாடுறேன்" என்றேன். தெரிந்தேதான் சொன்னேன். நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால் நீ போகமாட்டாய் என்று நினைத்தேன்.

ஞாயிறு நீ நம் கோவிலுக்கு வந்தாய்; பூசை முடிந்ததும் எல்லோரும் உன் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். நீ போகவிருந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸும் வாழ்த்தினாள். நீ என்னை ஓரமாக இழுத்துப் போனாய்.

"கைக்கு அக்கா? ஏன் எல்லார்கிட்டயும் சொன்னே? உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன்."

"பாவம் சேத்துக்காத ஜெஸி. கடவுள் கொடுத்தது."

"நக்கோ, ஒண்ணும் வேணாம், விடு" என்று சொல்லிவிட்டு நடந்தாய். நீ என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

திங்கட்கிழமை நீ டாக்டரிடம் போகவில்லை. எப்படிப் போவாய்? யாருக்கும் தெரியாமல் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டாய். குழந்தை விடாமல் அழுகிறது என்று பக்கத்து ஃபிளாட்டுக்காரர் போன் செய்ய, நான் கொண்டாப்பூரில் உன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது குளியலறைத் தரையெல்லாம் ரத்தம். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நீ.

கருவைக் கலைக்க இன்றும் என் மனம் ஒப்பாது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது என் வயிறு, என் விசுவாசம். உன் வயிற்றுக்கு நான் ஏன் பூட்டுப் போட்டேன்? உன் கையெழுத்து ஒன்றே போதும் என்று சட்டமே சொல்கிறதாம், அதுகூட எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பாவமா உரிமையா என்று சாப்பாட்டு மேசையில் வாதாடுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. அந்தப் பெண்ணோடு யார் போனார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. பிடிக்காவிட்டாலும் நான் உன்னோடு வந்திருக்க வேண்டும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டாவது இருந்திருக்கலாம்.

ரீட்டாவுக்குப் புரிகிற வயது வரட்டும். காய்ச்சல் இல்லை என்று சொல்வேன். அவளைப் பெற்ற நீ ஒரு தப்பும் செய்யவில்லை, நீ நம்பிச் சொன்னதை ஊருக்குச் சொன்னவள் நான்தான் என்று சொல்வேன். சத்தியமாகச் சொல்வேன், ஜெஸி. அதற்குப் பிறகு என்னை அம்மா என்று கூப்பிடுவதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

உன்னோடு வராத உன் அக்கா,
ஃபிலோ