வில்லன் வரும்போது அடிக்கும் மேளம்

என் அன்பான அப்பா,

நீங்கள் இறந்துபோன பிறகு உங்களிடம் கோபமாகப் பேசியதே இல்லை. இன்றைக்கும் கோபம் உங்கள்மேல் இல்லை. ஆனால் மனதில் இருப்பதைக் கொட்டுவதற்கு உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

சென்னையில் படங்களுக்குப் பின்னணி இசை சேர்க்கும் வேலையில் இருந்தேன் அல்லவா, அதை விட்டுவிட்டேன்.

கடைசியாக வந்த படம் நம்மூர்த் துறைமுகத்தில் நடக்கிற கதை. ஆப்பிரிக்க மாலுமி ஒருவன் கப்பலில் இருந்து இறங்கி வருகிறான். கையில் ஒரு பை, அவ்வளவுதான். யாரையும் அடிக்கவில்லை. அந்த நடைக்கு அதிரும் மேளமும் உறுமுகிற குரல்களும் வேண்டும் என்றார் இயக்குநர். பின்னாலேயே வெள்ளைக்காரக் கேப்டன் இறங்குவான், அவனுக்கு வயலின். போதை மருந்து கடத்துவதே அவன்தான் என்று கடைசியில் தெரியும். அப்போதும் வயலின்தான்.

எனக்கு கோஃபி மாமா நினைவுக்கு வந்தார். உங்களோடு ஒரே கப்பலில் வேலை பார்த்த கானா நாட்டுக்காரர். கப்பல் இங்கே வந்தபோது அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தீர்கள். சாயங்காலம் எல்லோருமாகப் படத்துக்குப் போனோம். திரையில் ஒரு கறுப்பு அடியாள் வந்தான், மேளம் அதிர்ந்தது. முன்வரிசைகள் திரும்பி மாமாவைப் பார்த்துச் சிரித்தன. பின்னால் ஒருவன் அந்த மேளத்தை வாயாலேயே கொட்டினான். நீங்கள் எழுந்தீர்கள்.

"ஏலே, இவரு என் வீட்டுக்கு வந்த ஆளு. இன்னொரு தடவ கொட்டிப் பாரு."

பாதியிலேயே வெளியே வந்தோம். கோஃபி மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அந்தச் சிரிப்பை அவர் எத்தனை துறைமுகங்களில் கேட்டிருப்பார்?

அவர்கள் ஊரில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் அடிக்கிற மேளம் அது. எங்கள் ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் 'ஆபத்து' என்ற ஃபோல்டரில் கிடந்தது. நம் பறையும் அதே ஃபோல்டரில்தான் இருந்தது அப்பா. சேரியைக் காட்டும் காட்சிகளுக்காம்.

மாலுமிக்கும் கேப்டனுக்கும் வயலின் இனத்தைச் சேர்ந்த செல்லோவில் ஒரே இசையைப் போட்டுக் காட்டினேன். கறுப்பன் வந்தால் ஜனங்கள் பயப்பட வேண்டும், அதற்குத்தானே மியூசிக் என்றார் இயக்குநர்.

"அவன் இன்னும் ஒண்ணுமே செய்யலியே சார். எதுக்குப் பயப்படணும்?"

என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "உங்க ஊர்ல எல்லாரும் அந்தக் கலர்தானே. அதான் உனக்குச் சுடுது."

அறையே சிரித்தது. என்னை வேலைக்கு வைத்திருந்த இசையமைப்பாளரும் சிரித்தார். டைட்டிலில் என் பெயரைப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

படம் போன வாரம் வந்தது. அம்மாவோடு போய்ப் பார்த்தேன். மேளத்தை வேறு யாரையோ வைத்துச் சேர்த்துவிட்டார்கள். தியேட்டரில் விசில். பின்னணி இசை பிரமாதம் என்று பேசிக்கொண்டே போகிறார்கள். எனக்குப் பற்றி எரிகிறது. காதில் விழுவது என்னவென்று யாருக்குமே உறைக்கவில்லையா?

அம்மா மட்டும் படியிறங்கும்போது கேட்டாள்: "ஏளா, இதுக்குத்தான் வேலய விட்டியா? நல்ல காரியம் பண்ணுன."

இப்போது கல்யாண வீடியோக்களுக்கு இசை சேர்க்கிறேன். மறுபடி சினிமா கூப்பிடலாம், கூப்பிடாமலும் போகலாம். எது நடந்தாலும், ஒரு மனிதனின் தோலைக் கண்டு பயப்படச் சொல்லி என் விரல் கீபோர்டில் ஒரு கட்டையைக்கூட அழுத்தாது. இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் கோபத்தையும் உங்கள் நிறத்தையும் கொண்டு பிறந்த
மூத்த மகள்,
செலின்