புல் முளைத்திருந்த இடம்

அக்கா,

நேற்று அலுமாரிக்கு மேலிருந்து பயணப் பெட்டியை இறக்கினேன். அடியில், பழைய சால்வைக்குள், அந்த மெழுகுதிரி கிடந்தது. சிவப்புப் பிளாஸ்டிக் கூடு, கல்லறையில் வைப்பது. திரி இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. மூடியைத் திறந்தேன். அந்த மணத்தோடு நீங்கள் எனக்குப் பின்னால் வந்து நிற்பது போலிருந்தது. திரும்பிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை.

உங்கள் மூத்த பிள்ளை ஜெர்மனியில் பிறந்து மூன்றாம் நாளே போய்விட்டவள். லண்டனுக்குக் குடிவந்த பிறகும் வருடத்துக்கு ஒருமுறை தனியே போய் அவளுக்குத் திரி கொளுத்திவிட்டு வருவீர்கள். அவளின் தகப்பன், அண்ணை மட்டும், அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு, அந்த ஊர்ப் பக்கமே போகவில்லை. உங்களுக்கு வருத்தம் வந்து படுக்கையில் விழ, பயணம் நின்றுபோனது. கொஞ்சம் எழும்பி நடக்கத் தொடங்கியதும் என்னிடம் கேட்டீர்கள்: "ஒருக்கா என்னோட வாறீரே?"

ஷிப்ட் மாற்ற ஏலாது என்றேன். மாற்றியிருக்கலாம் அக்கா. அடுத்த வருடம்தான் போனோம்.

பாஸ்போட் வரிசையிலேயே எங்களைப் பிரித்துவிட்டார்கள். உங்களிடம் இன்னும் ஜெர்மன் பாஸ்போட். நீங்கள் சட்டென்று போய், கண்ணாடிக்கு அப்பால் எனக்காகக் காத்து நின்றீர்கள். பிரசல்சில் அறிவிப்பு மூன்று மொழிகளில் வந்தது, ரயில்தான் வரவில்லை. பிறகு ஏறிய ரயிலில், எதிரில் இருந்தவருக்கு நீங்கள் வணக்கம் சொன்னீர்கள். அவரும் சொன்னார். அதோடு இரண்டு மணித்தியாலம் ஒரு சத்தமில்லை. நான் கொஞ்சம் பலத்துக் கதைக்க, ஒரு மனிசி எழும்பிவந்து, பெட்டிச் சுவரில், உதட்டில் விரல் வைத்திருக்கும் படத்தைக் காட்டிவிட்டுப் போனா. நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். அன்றைக்குத்தான் கடைசியாக உங்கள் சிரிப்பைப் பார்த்தேன்.

போய்ச் சேர்ந்தது ஞாயிற்றுக்கிழமை. ஊர் முழுக்கப் பூட்டியிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு கார் இல்லை. ஆனாலும் சந்தியில் சிவப்பு விளக்கு எரிந்தது. நான் லண்டன் பழக்கத்தில் தெருவில் இறங்கப் போக, கோட்டின் கையைப் பிடித்து இழுத்தீர்கள்.

"பிள்ளையள் பாத்தா அவையளும் கடப்பினம்."

அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்களாம். அந்தத் தெருவில் ஒரு பிள்ளையும் இல்லை.

கல்லறைத் தோட்டத்து வாசலில் மெழுகுதிரிக்கென்றே ஒரு மெஷின் வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்துக்கொண்டு விறுவிறென்று உள்ளே நடந்தீர்கள். தண்ணீர்க் குழாயைத் தாண்டி இரண்டாவது வரிசையில், வேலிப் பக்கமாகப் போய் நின்றீர்கள். அங்கே வெறும் புல். வழி தவறிவிட்டீர்கள் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் பூவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த கிழவி வந்து, மெல்லிய குரலில் ஏதோ சொன்னா. பிறகு எனக்குத் தமிழில் சொன்னீர்கள்.

"இங்கை கல்லறைக்கும் தவணை இருக்கு, இத்தனை வருஷம்தான் எண்டு. முடிஞ்சுபோச்சு. கல்லிலை அறிவித்தல் ஒட்டி ஒரு வருஷம் பாத்தவையாம். ஒருத்தரும் வரேல்லையாம், கல்லை எடுத்துப்போட்டினமாம்."

அது, நான் ஷிப்ட் என்று சொன்ன வருடம். உங்களுக்கும் தெரியும். அதைப்பற்றி நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இவ்வளவு காலம் நான் இப்படி இருந்திருக்க மாட்டேன்.

திரும்பி வரும்போது மெழுகுதிரியை என் கையில் தந்தீர்கள். இதை உம்மட வீட்டில் வையும், அவருக்குச் சொல்லவேண்டாம், கொளுத்தினனாங்கள் என்றே சொல்லுவம் என்றீர்கள். நானும் அப்படியே சொன்னேன். மாரிக் குளிர் முடிய முன்னர் நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் அடக்கப் பூசைக்கு வந்தவர்களிடமெல்லாம் அண்ணை, "கடைசியா ஒருக்காப் பிள்ளைக்குத் திரி கொளுத்திப்போட்டுத்தான் போனவ" என்று சொல்லிச் சொல்லி அழுதார். பக்கத்தில் நின்று நான் தலையாட்டினேன்.

அதன்பிறகு இங்கே லண்டனில், தோர்ண்டன் ஹீத் சந்தியில், சிவப்பு விளக்கில் எல்லோரும் கடந்து போக, நான் மட்டும் நிற்கிறேன். யாரோ என் கோட்டின் கையைப் பிடித்திருப்பது போல இருக்கும். குனிந்து பார்க்கப் பயம்.

போன ஞாயிறு பூசை முடிய அண்ணை என்னைத் தேடி வந்தார். தான் பிள்ளையிடம் போகவேண்டும், இடம் மறந்துபோச்சு, கூட்டிக்கொண்டு போவீரோ என்று கேட்டார். இனியும் பொய் சொல்ல என்னால் ஏலவில்லை அக்கா. கோயில் வளவில் இருந்த மர வாங்கில் அவரை இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். ஷிப்ட் விஷயத்தையும் சொன்னேன். உங்களுக்குத் தந்த வாக்கு அதோடு போயிற்று.

ஏசுவார், எழும்பிப் போய்விடுவார் என்றெல்லாம் நினைத்தேன். அவர் ஒன்றைத்தான் கேட்டார்.

"அவ எந்த இடத்திலை நிண்டவ?"

"காட்டுறன் அண்ணை" என்றேன்.

வருகிற மாதம் போகிறோம். கல் இல்லை, பெயர் இல்லை. அந்தப் புல்லில் நீங்கள் நின்ற இடத்தை இப்போது உலகத்தில் நான் ஒருத்திதான் அறிவேன். மறந்துவிடக்கூடாது என்பதற்காக, தினமும் ஒருமுறை கண்ணை மூடி அங்கே நடந்து போய்வருகிறேன்.