வலிக்காத ஊசி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று பல் மருத்துவ வகுப்பில் ஒருவருக்கொருவர் மேல்பல்லுக்கு மரப்பு ஊசி போட்டுப் பழகினோம். என் அறைத்தோழி கன்னத்தை இழுத்துப் பிடித்து எனக்குப் போட்டாள்.

"எப்பப் போடுவே?" என்றேன்.

"போட்டாச்சே!" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்து என் முறை. வலி தெரியாமலிருக்க அண்ணத்தில் பஞ்சுக்குச்சியை அழுத்திவைத்த பிறகுதான் குத்த வேண்டும். அவளை மிஞ்சும் அவசரத்தில் மறந்துவிட்டேன். அவளுக்குக் கண்ணீர் கொட்டியது. ஆனாலும் "பரவால்ல, நல்லாத்தான் போட்டே" என்றாளே, அதுதான் இன்னும் எரிச்சல்.

போனில் நீயும் முதலில் "அந்தப் பொண்ணு சாப்பிட்டாளா?" என்றுதான் கேட்கிறாய். இங்கே குளிர் அதிகம். போர்வை ஒன்று மட்டும் அனுப்பு. அவளுக்கும் சேர்த்து வேண்டாம்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

இப்படிக்கு,
உன் ஒரே மகள்